சங்கு ஊதாத காலை

அந்தோணிக்கு அம்மா சொல்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகமா என்று கேட்டால் இந்தக் கடிதம்தான் பதில்.

நான் சொல்லச் சொல்ல ஸ்டெல்லா எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் பேசுகிற மாதிரியே எழுதாதே, நாலு பேர் படிக்கிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். உன் தங்கை ஒன்பதாவதோடு நின்றவள் என்றாலும் அவளுக்கு அது நன்றாக வரும். நீ போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் ஏறிப் பூந்தமல்லிக்கு வந்து உன் ரூமிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். நேரில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று எழுந்து சட்டையை மாட்டுவாய். கடிதத்தை அப்படி நிறுத்த முடியாது. கோபம் வந்தாலும் கடைசி வரைக்கும் படி.

அன்றைக்கு நீ வந்து நின்றதை நினைத்துப் பார். நீல டிராக் பேன்ட், கழுத்தில் புது விசில், கையில் பேப்பரில் சுற்றிய பிரம்பு. "அம்மா, ஆர்டர் வந்துட்ச்சி. நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கெழம ஸ்கூல் தொறக்கறாங்கோ. இனிமே உம்புள்ள பி.டி. சாரு" என்றாய். உங்கப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லவில்லை. பிறகு நீ வாசல்படியில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தாய். "கொஞ்சம் நல்லெண்ண குடும்மா, தடவி வெச்சா வெடிக்காது" என்றாய். நானே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். அடியிலிருந்து நுனி வரைக்கும் தடவி, இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்து, காற்றில் ஒரு வீசு வீசினாய். "கேட் டூட்டி எனுக்குத்தான். ஏழு மணி அடிச்சா சாத்திடுவேன். அப்பால எவன் வந்தாலும் முட்டிக்குக் கீழ ரெண்டு. பொண்ணுங்கன்னா பொறங்கையில. ஒரே வாரத்துல ஒயுங்கா வந்துடுவாங்கோ பாரு" என்றாய். உங்கப்பா சிரித்தார். ஸ்டெல்லா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அந்த வீச்சுச் சத்தம் கேட்டதும் அரிவாள்மனையை அப்படியே போட்டுவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். "இன்னாம்மா அவளுக்கு?" என்று கேட்டாய். "வெங்காயம் கண்ண காந்துது" என்றேன். வெங்காயம் இல்லை.

நான் படித்தவள் இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளை எழுப்பியிருக்கிறேன், அதனால் ஒரு விஷயம் எனக்குத் தெரியும். நீ மூன்றாவது படிக்கும்போது உன்னை யாரும் எழுப்பியதே கிடையாது. வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே எழுந்து, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அடுப்புப் பக்கத்தில் நச்சரிப்பாய். "இன்னும் வெடியலடா, போய்ப் படு" என்று விரட்டுவேன். அப்போது உனக்கு ஸ்கூல் ஒன்பதரைக்கு. மீசை அரும்பத் தொடங்கியதும் நீ வேறு பிள்ளையாகிவிட்டாய். ராத்திரி படு என்றால் கண் மூடாது, விடிந்தால் கண் திறக்காது. ஸ்டெல்லாவுக்கும் பெரியவளான வருஷத்திலிருந்து அதே கதை. சோம்பேறித்தனம் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அப்புறம் நம் லைனில் இருக்கிற மற்ற வீடுகளைப் பார்த்தேன். எந்த ஊரிலிருந்து பிழைக்க வந்தவர்களாக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், பிள்ளைக்குப் பதிமூன்று பதினாலு ஆனால் காலைத் தூக்கம் பிடித்துக்கொள்கிறது, இருபதைத் தாண்டினால் விட்டுவிடுகிறது. எல்லா வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே வயதில் ஒரே சோம்பேறித்தனம் எப்படி வரும்? உடம்பு வளர்கிறது, தூக்கம் கேட்கிறது. ஸ்கூலோ இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. தானாக எழுந்துவிடுகிற சின்னதுகளுக்கு ஒன்பதரை மணி. எழுந்திருக்கவே முடியாத ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸ். இதை யார் யோசித்து வைத்தார்களோ, அவர்கள் வீட்டில் பிள்ளைகளை வேலைக்காரி எழுப்பியிருப்பாள்.

உன்னை நாங்கள் எழுப்பிய விதம் உனக்கு மறந்திருக்காது. முதலில் கூப்பிடுவேன். அப்புறம் போர்வையை உருவுவேன். அப்புறம் ஒரு சொம்புத் தண்ணீர் முகத்தில். மார்கழி மாதத்திலும் ஊற்றியிருக்கிறேன். அதற்கும் எழவில்லை என்றால் உங்கப்பா. அவர் செகண்ட் ஷிஃப்ட் முடித்து நடுராத்திரிக்கு மேல் வந்து படுத்தவர். ஒரே அறை வீடு. அவர் வந்து கதவைத் தட்டி, சாப்பிட்டு, படுக்கிற வரைக்கும் நம் வீட்டில் யாரும் தூங்கியதில்லை. அவர் தூக்கம் கெட்ட எரிச்சலில் எழுந்து வந்து, "இன்னாடா மைனரு, உனுக்கு காப்பி கொண்ணாந்து தரணுமா?" என்று விலாவிலேயே உதைப்பார். ஒரு நாள் பெல்ட்டின் பக்கிள் உன் காதுக்குப் பின்னால் பட்டுக் கிழித்தது. தலையணை நனைகிற அளவுக்கு ரத்தம். நான் துணி தேடி ஓடி வந்து பார்த்தால், நீ ஒரு கையால் ரத்தத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாய். அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது. மண்டை உடைந்தும் எழ முடியாத பிள்ளைக்குத் திமிர் இல்லை. அடி என்பது அந்தத் தூக்கத்துக்கு மருந்தே இல்லை.

நீ ஓடித்தான் தப்பித்தாய். கிரவுண்டில் உன் ஓட்டத்தைப் பார்த்து உங்கள் பி.டி. சாருக்கு உன்னைப் பிடித்துப்போனது. அதுவரைக்கும் கேட்டுக்கு வெளியே ஜல்லியில் முட்டி போட்டு நின்ற பிள்ளை, ப்ளஸ் டூவில் ஸ்கூல் லீடர் ஆனாய். உங்கள் ஸ்கூலில் லீடருக்கு ஒரு மரியாதை உண்டு. ஏழு மணிக்கு மேல் வருகிறவர்களைப் பிடித்து வரிசையாக நிறுத்திவிட்டு, சார் வரும்வரைக்கும் அவருடைய பிரம்பைக் கையில் பிடித்திருப்பது. சார் வந்ததும் சல்யூட் அடித்து அதை நீட்ட வேண்டும். முதல் தடவை அதைச் செய்த அன்று நீ வீட்டுக்கு வந்து துடைப்பக் குச்சியை வைத்து எனக்கு நடித்துக் காட்டினாய். ஸ்டெல்லா கைதட்டினாள். இப்படி நீட்டணும், இப்படி விறைக்கணும் என்று அவளுக்கும் சொல்லிக் கொடுத்தாய்.

அந்த நாளுக்கு வருகிறேன். உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எடுடி என்று சொல்லியிருக்கிறேன்.

நம் மண்ணூர்பேட்டை லைனில் யாரும் கடிகாரம் பார்த்து எழுந்ததில்லை. கம்பெனிச் சங்குதான் எல்லாருக்கும். ஐந்தரைக்கு முதல் ஷிஃப்டுக்கு ஊதினால் அடுப்புப் பற்றும், குழாயடியில் குடம் உருளும், பிள்ளைகளை உதைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட அது ஊதும். பொங்கலுக்கு ஊதும், கிறிஸ்துமஸுக்கு ஊதும். அது ஒரு நாள் ஊதாமல் போகும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. நீ அதற்கு முதல் நாள் ஸ்போர்ட்ஸ் டேக்குக் கிரவுண்டில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும் என்று ஸ்கூலிலேயே தங்கிவிட்டாய். அந்த ராத்திரியில் கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். சங்கு ஊத ஆள் இல்லை. லைன் முழுக்கத் தூங்கிவிட்டோம். "கம்பெனிய சாத்திட்டாங்கடோய்!" என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடியபோதுதான் எழுந்தோம். வெயில் உள்ளே வந்து கிடந்தது. உங்கப்பா பனியனோடு கம்பெனிக்கு ஓடினார். ஸ்டெல்லா ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் விரித்த முடி, வாயில் ஒரு சொட்டுக் காப்பி இல்லை, அப்படியே ஸ்கூலுக்கு ஓடினாள். லைனிலிருந்து ஒன்பதாவது, பத்தாவது படித்த பிள்ளைகள் எல்லாம் ஓடினார்கள்.

ஒரே காலையில் இரண்டு கேட். கம்பெனி கேட்டில் உங்கப்பாவைப் போலீஸ் தடியால் அடித்தது. ஸ்கூல் கேட்டில் நடந்ததை எனக்குச் சொன்னவள் பக்கத்து வீட்டுக் கலா. ஸ்டெல்லாவோடு படித்தவள், அன்றைக்கு வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள். நீ வழக்கம்போல நிறுத்தினாய், பிரம்பைப் பிடித்திருந்தாய், சார் வந்தார், நீட்டினாய். "இன்னா இன்னிக்கு, மொத்த லைனும் ஊர்வலம் வருது?" என்று அவர் கேட்டாராம். "சங்கு ஊதல சார்" என்று கலா சொல்லியிருக்கிறாள். "ஊதலயா? கவலப்படாத, உனுக்கு நான் ஊதறேன்." கேட்டுக்குள்ளே நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பையன்களுக்குக் காலில் போட்டார். ஒருத்தன் துள்ளிக் குதித்துச் சாக்கடையில் விழுந்தான், அதற்கும் சிரித்தார்கள். கலாவுக்குப் புறங்கையில் போட்டார். அடுத்தது உன் தங்கை. "இது வாயே தொறக்காதே, உன் தங்கச்சிதானடா?" "ஆமா சார்." "நான் அடிச்சா வலிக்கலன்னு சொல்லுவானுங்கோ, உட்டா லீடரு தங்கச்சின்னு உட்டுட்டாருன்னு சொல்லுவானுங்கோ. இந்தா, நீயே போடு." நீ நின்றாய். பிரம்பை உன் கையில் திணித்தார். நீ போட்டாய். எத்தனை என்று கலா எண்ணியிருக்கிறாள், எனக்குச் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது வலது கையைத் தாவணிக்குள் மறைத்திருந்தாள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் தோல் பிளந்து கிடந்தது. நடுவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தபோது உங்கப்பா வந்தார். தலையில் துண்டு கட்டியிருந்தார், துண்டு சிவப்பாக இருந்தது. அவர் முதலில் பார்த்தது அவள் கையைத்தான். "எவன் அட்ச்சான்?" அவள் கையை மறுபடி தாவணிக்குள் இழுத்துக்கொண்டாள். "அந்த பி.டி. வாத்தியானா? சொல்லு. கம்பெனிய புடுங்கினு பூட்டாங்கோ, மண்டைய ஒடச்சிட்டாங்கோ. எம்பொண்ணு கையயும் ஒடப்பானுங்களா? இன்னிக்கு ஒருத்தன் கையாவது நான் ஒடிக்கல..." என்று கதவு மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்துவிட்டார். அப்போது ஸ்டெல்லா எழுந்து கதவை மறித்து நின்றாள். "சார் இல்லப்பா." "அப்ப யாரு?" வாயைத் திறக்கவில்லை. "பேர சொல்லு!" திறக்கவில்லை. அவருக்கு யாரையாவது அடித்தே ஆக வேண்டும் அன்றைக்கு. கன்னத்தில் அறைந்தார். மறுபடி கேட்டார். மறுபடி அறைந்தார். முடியைப் பிடித்துச் சுவரில் இடித்தார். நான் நடுவில் போனேன், என்னையும் தள்ளினார். உதடு கிழிந்து தாவணியெல்லாம் ரத்தம். "சொல்றியா இல்லியாடி!" அவள் சொல்லவில்லை. கடைசியில் அவரே கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

அந்தோணி, அவள் அன்றைக்கு உன் பெயரைச் சொல்லியிருந்தால் சாயங்காலம் நீ வாசலில் கால் வைத்தபோது அந்தக் கடப்பாரை உன் மண்டையில் இறங்கியிருக்கும். உங்கப்பா இருந்த இருப்பில் நிறுத்தியிருக்க மாட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. நீ சட்டையெல்லாம் சுண்ணாம்போடு வந்தாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவளைப் பார்த்து, "இன்னாம்மா ஆச்சி?" என்றாய். எனக்கு அப்போது எதுவும் தெரியாது. "அப்பா அட்ச்சிட்டாருடா" என்றேன். நீ அவள் கையைப் பார்த்தாய். கேட்கவில்லை. சட்டையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாய். அவள் விரலை அப்பாதான் முறித்தார் என்று இத்தனை வருஷமாக நீ நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்வது உனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாடி ஊரில் எலும்புக்குப் புத்தூர்க் கட்டுப் போடுகிறவர் விரலைத் தொட்டுப் பார்த்ததுமே, "பெரம்படி, ஒரே எடத்துல திரும்பத் திரும்ப உயுந்துகீது" என்று சொல்லிவிட்டார். அந்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை. இந்தக் கடிதத்தை அதை நீட்டிக்கொண்டேதான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அவள் ஸ்கூலுக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, குளித்து, யூனிஃபார்ம் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். வாசலைத் தாண்ட மாட்டாள். டீச்சர் ஆள் அனுப்பினார்கள். "படிப்பு ஏறல, கூச்ச சுபாவம்" என்று சொல்லி அனுப்பினோம். ஊரும் அதையே சொன்னது, நீயும் அதையே சொன்னாய். "அவளுக்கு படிப்பு வேணாம்மா, வாயே இல்லாதது எங்க படிச்சி இன்னா பண்ணப் போவுது" என்று நீ சொன்னபோது, அவள் உன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கலா என்னிடம் உண்மையைச் சொன்னபோது நீ பி.டி. டிரெயினிங் போய்விட்டாய். ஸ்டெல்லாவைக் கேட்டேன். "ஆமா" என்றாள், அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நானும் இல்லை, ஸ்டெல்லாவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன பிறகு உங்கப்பாவும் நானும் சண்டை போட்டோம். பெரிய பிள்ளைகளுக்கு ஸ்கூலைத் தாமதமாக வைத்தால் என்ன என்று நான்தான் ஆரம்பித்தேன். "நாளைக்கு வேலைக்குப் போனா? உம்புள்ள எயுந்திரிக்கிற வரைக்கும் கம்பெனிகாரன் கேட்ட தொறந்து வெச்சினு நிப்பானா? இப்பவே பயகணும்" என்றார். "நீ இருவது வருசம் அந்த சங்குக்கு எயுந்தியே, அவன் பூட்டும்போது உன்ன எயுப்பி சொன்னானாய்யா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இப்போது கோடவுனில் வாட்ச்மேன் வேலைக்கு ராத்திரி கண் விழிக்கிற மனுஷர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒம்போது மணி பஸ்ஸ பாத்துகீறியா நீ? இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போற கூட்டம் மொத்தமும் அதுலதான் தொங்குது. பொட்டப் புள்ளைங்க அதுல எப்பிடி ஏறும்? சாயங்காலம் லேட்டா உட்டா இருட்டுல எப்பிடி வரும்?" என்றார். அது நியாயமான கேள்விதான். எனக்கு அதற்கு முழுப் பதில் தெரியவில்லை. ஆனால் பஸ்ஸில் இடம் இல்லை என்றால் பஸ்ஸைக் கேட்க வேண்டும். பிள்ளையின் தூக்கத்தில் கை வைக்கக் கூடாது. பாதித் தூக்கத்தில் வந்து உட்காருகிற பிள்ளைக்கு ஏழு மணிக்குக் கணக்கு சொல்லித் தருவதும், அந்த நாற்காலிக்குச் சொல்லித் தருவதும் ஒன்றுதான். ஸ்பெஷல் கிளாஸில் என்ன படித்தாய் என்று எப்போது கேட்டாலும், "யாரு கண்டா, தூங்கிட்டம்மா" என்றுதான் ஸ்டெல்லா சொல்வாள். அந்தத் தூக்கத்துக்காகவா இவ்வளவு அடி?

நான் உன்னைக் கேட்பது இதுதான். உங்கள் ஹெட்மாஸ்டரிடம் போய், ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் ஸ்கூலை ஒன்பதரைக்கு வையுங்கள், சின்னப் பிள்ளைகளை வேண்டுமானால் முன்னால் வரச் சொல்லுங்கள், அதுகள் எப்படியும் எழுந்து உட்கார்ந்திருக்கும் என்று சொல். புதிதாக வந்த பி.டி. சார் சொல்லி அவர் கேட்பாரா என்பாய். முதல் தடவை கேட்க மாட்டார். திட்டுவார். திட்டு வாங்கு. நீ வாங்காத அடியா? ஆனால் அவர் மணியை மாற்றும் வரைக்கும் கேட்டில் நிற்கப் போவது நீ. பூட்டு உன் கையில் இருக்கும். ஒரு பிள்ளை ஓடி வந்தால் உள்ளே விடுவதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அந்தப் பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நீ அங்கே நின்றால், அதற்கப்புறம் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு, என் வாயில் பேச்சு இருக்காது. பெற்றவள் இப்படிச் சொல்லலாமா என்று ஸ்டெல்லா கேட்கிறாள். எழுதிவிட்டாள், அதை அழிக்க விடமாட்டேன்.

இன்னொன்று. கலா வீட்டார் கம்பெனி பூட்டிய பிறகு பூந்தமல்லிப் பக்கம் போனது உனக்குத் தெரியும். கலாவும் ஸ்டெல்லாவும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பிசிறு வெட்டுகிறார்கள். கலாவின் தங்கை செல்வி இந்த வருஷம் பத்தாவது, உன் ஸ்கூலில். நேற்றுக் கலா வந்திருந்தாள். "செல்விய எயுப்பறதுக்குள்ள உயிர் போவுதும்மா. அந்தோணி அண்ணன் அங்கதான் வேலைக்கு சேந்துகீறாராமே, நம்ம புள்ளைய கொஞ்சம் பாத்துக்க சொல்லுங்க" என்றாள். நீ அடித்ததை வரிசையில் நின்று பார்த்தவள் அவள். அதற்கப்புறமும் உன்னை அண்ணன் என்கிறாள். நான் அவளுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லா தானாகவே, "ஞாயித்துக்கெழம நான் உங்க ஊட்டுக்கு வந்து தங்கறேன். திங்கக்கெழம செல்விய நான் ஸ்கூலுக்கு கூட்டினு போறேன்" என்றாள். இந்த வீட்டில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கம்பெனியில் ஒரு நாள் லீவும் சொல்லிவிட்டாள். என் பேச்சு முடிந்தது. குழாயில் தண்ணீர் வந்துவிட்டது, போகிறேன். கர்த்தர் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். 

அண்ணா, இனிமேல் எழுதுவது நான். அம்மா சொன்னதில் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஒன்று மட்டும் கலாவுக்குத் தெரியாது, அதனால் அம்மாவுக்கும் தெரியாது. கலா அப்போது கையை உதறிக்கொண்டு குனிந்திருந்தாள். நீ முதலில் போட்ட அடி எனக்கு வலிக்கவே இல்லை. தூசி தட்டுவது மாதிரிதான் பட்டது. உன் கண்ணைப் பார்த்தேன், நீ தெரிந்துதான் அப்படிப் போட்டாய். சார் உன் பின்னாலிருந்து, "இதெல்லாம் ஒரு அடியாடா?" என்று கேட்டார். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான். அப்பா அவ்வளவு கேட்டும் நான் உன் பெயரைச் சொல்லாததற்கு அந்த முதல் அடிதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

இப்போது நீதான் சார். பின்னால் நின்று கேட்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். செல்வி திங்கட்கிழமை ஏழு மணிக்கு வர மாட்டாள். நான் அவளை எழுப்பப் போவதில்லை. தானாக அவள் கண் விழித்ததும் தலை பின்னிவிட்டு, காப்பி குடிக்க வைத்து, கேட் வரைக்கும் கூட்டி வருகிறேன்.